யுன்னானில் ஒரு சைவச் சட்டி

சீனாவில் பட்டினி கிடந்தேன். அதுதான் நடந்தது. மிச்சமெல்லாம் விளக்கம்.

எழுபது வயதில் மாணவனாக இருப்பதும் ஒரு தொழில்தான். சம்பளம் இல்லை, லீவு இல்லை, முதலாளி மகள். மனிசி போன பிறகு நான் ரொறன்ரோ ஸ்காபரோ வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன் என்று, முதியவர்களுக்கான சீனமொழி வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். வகுப்பு முடிய, படித்ததைப் பேசிப் பழக யுன்னான் பக்கத்துப் பழைய ஊர்களுக்குப் பயணம். நானோ ஒரு வருஷம், ஆட்டைத் திவசம் முடியும்வரை, மீன் இறைச்சி என்று ஒரு மச்சமும் தொடமாட்டேன் என்று மனிசியின் பிரேதப் பெட்டிக்கு முன்னால் நின்று சொன்னவன். விரதத்தோடு ஊர் சுற்றியவர்களே, உங்களுக்குத்தான் இது விளங்கும்.

கோழி குளித்த தண்ணீர்

முதல் ஊர் டாலி. மதில், கோபுரவாசல், உள்ளே போனால் வாசலுக்கு வாசல் மேளம் விற்கிற கடை. நூடில்ஸ் கடை ஒன்றில் போய் இருந்துகொண்டு, வகுப்பில் பாடமாக்கிய வசனத்தைப் பிழையில்லாமல் சொன்னேன்: நான் இறைச்சி சாப்பிடுவதில்லை. பரிமாற வந்த பெட்டை தலையாட்டினாள். வந்த கோப்பையில் இறைச்சி இல்லை. மேலே விரலளவு கோழிக்கொழுப்பு மிதந்தது.

தள்ளிவைத்தேன். பக்கத்தில் மரியதாஸ். மன்னார் ஆள், வகுப்பில் என்னைத் தவிர இருந்த ஒரே தமிழன். பறக்கிறதில் விமானம் தவிர எல்லாம் தின்பான். என் கோப்பையையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னான்:

"அண்ணை, கோழி குளிச்ச தண்ணிதானே, கோழி இல்லையே!"

பூக்கேக்

லீஜியாங். கல்லுப் பதித்த ஒழுங்கைகள், இரண்டு பக்கமும் வாய்க்கால், வாய்க்காலை விடப் பெரிய சனவெள்ளம். பத்துக் கடைக்கு ஒரு கடையில் ரோசாப்பூ வைத்த கேக் சுடுகிறார்கள். பூவில் என்ன மச்சம்? ஒரு பெட்டி வாங்கினேன். அன்றைக்கு உயிர் பிழைத்தேன் என்று நினைத்து ஒரு கடி கடித்தேன். மா வாயில் உதிர்ந்தது. அந்த உதிர்வு எனக்குப் பிடிக்கவில்லை. கூட வந்த எங்கள் ரீச்சரிடம் காட்டினேன். ரொறன்ரோ பக்கத்து மார்க்கம் நகரில் பிறந்து வளர்ந்த சீனப் பிள்ளை, பொய் சொல்லத் தெரியாது. வாயில் இருந்ததை வாய்க்கால் ஓரத்துக் குப்பைத் தொட்டியில் துப்பினேன். பெட்டியை மரியதாஸ் வாங்கிக்கொண்டான்.

ரீச்சர் சொன்னது இது:

"பன்றிக்கொழுப்பு இல்லாமல் எப்படி இப்படி உதிரும், அங்கிள்?"

சட்டி கழுவச் சொன்ன கதை

எங்கள் வீட்டில் மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு. மனிசி இருந்தவரை இரண்டும் ஒரே தட்டில் இருந்ததில்லை. அதே ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில், ரீச்சரைக் கூட்டிக்கொண்டு நேரே குசினி வாசலுக்குப் போனேன். வெறும் கீரை போதும், ஆனால் சட்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுச் சமைக்கச் சொல் என்றேன். ரீச்சர் தயங்கித் தயங்கிச் சொன்னாள். சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். வருஷக்கணக்காய் எண்ணெய் ஊறிக் கறுத்த சட்டி அது. அவருக்கு அதுதான் சொத்து. நான் அதற்குச் சவர்க்காரம் கேட்கிறேன்.

முழு வகுப்பும் எழும்பி வெளியே வரவேண்டியதாயிற்று. பின்னால் அவர் கத்தியதை ரீச்சர் வெட்கத்தோடு மொழிபெயர்த்தாள்:

"நான் உன் வீட்டுக்கு வந்து உன் கோயிலைக் கழுவச் சொன்னால் நீ விடுவாயா?"

வாழைப்பழம்

அதன்பிறகு வாழைப்பழமும் பிஸ்கட்டும். வெள்ளைச் சோறு கேட்டால் உருளைக்கிழங்கோடு பன்றித் தொடையும் போட்டு அவித்த சோறு வருகிறது. ஒரு படிக்கட்டில் கண் இருட்டி இருந்துவிட்டேன். மரியதாஸ் பகிடியை நிறுத்தினான், அப்போதுதான் எனக்கே பயம் வந்தது. ஆட்டைத் திவசத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஒன்று விரதத்தை விடவேண்டும், இல்லாவிட்டால் விழவேண்டும். மரியதாஸ் ரொறன்ரோவில் இருந்த என் மகளுக்குப் போன் எடுத்து என் காதில் வைத்தான். அவள் அழுதாள்.

"அப்பா, ஒரு சூப்பாவது குடியுங்கோ. அம்மா கோவிக்க மாட்டா."

கோவிப்பாள். எனக்குத் தெரியும். போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

கடைசி வாங்கு ஆள்

வகுப்பில் கடைசி வரிசை வாங்கில் பேசாமல் இருக்கிற ஒரு ஹொங்கொங்காரர் உண்டு. கன்ரனீஸ் ஆள், என்னைப்போல மாண்டரின் படிக்க வந்தவர். அந்தப் படிக்கட்டில் என் பக்கத்தில் வந்து இருந்து, ஆங்கிலத்தில் கேட்டார்: "உன் மனிசி எங்கே? கன நாளாய் மீனுக்கு வரவில்லை."

அப்போதுதான் ஆளை மட்டுக்கட்டினேன். ஸ்காபரோவில் நாங்கள் கிழமைக்குக் கிழமை போகிற மீன்கடைக்காரர். ஏப்ரன் இல்லாமல் தெரியவில்லை. முதல் வகுப்பிலேயே அவர் என்னைக் கண்டுகொண்டாராம். கேள்வி கேட்கக்கூடிய முகமாக நான் இருக்கவில்லையாம்.

செத்துப்போனாள் என்றேன். ஒரு வருஷம் மச்சம் இல்லை என்றேன். இத்தனை ஊரில் 'சாப்பிடுவதில்லை' என்று மட்டும் சொன்னேனே தவிர, ஏன் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. அவர் எழும்பிப் போனார்.

அடுத்தநாள் காலையில் கையில் ஒரு புது அலுமினியச் சட்டியோடு வந்தார். மிச்ச ஊரெல்லாம் அதைத் தன் தோள்பையில் காவினார். கடைக்குக் கடை முதல் ஆளாய்க் குசினிக்குள் போய் இரண்டே சொல் சொல்வார்: மனிசியின் துக்கம். ஷாசி என்ற ஊரில் ஒரு சமையல்காரி அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு, அந்தச் சட்டியை இரண்டு கையாலும் வாங்கினாள். கடுகுக்கீரையும் ரோஃபு என்கிற சோயாக்கட்டியும் தண்ணீரில் அவித்து, உப்புப் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். சாப்பிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது, மிளகாய் இல்லை.

இருந்த சட்டியைக் கழுவித் தரச் சொல்லியிருக்கலாமே, ஏன் காசைச் செலவழித்தீர் என்று மீன்காரரைக் கேட்டேன். சொன்னார்:

"நான் செவிளைத் திறந்து காட்டின மீனையே நம்பாத உன் பொம்பிளை, கழுவின சட்டியை நம்புவாளா?"

என் ஒரு வருஷ விரதத்தைக் காப்பாற்றியவன் கடைசியில் ஒரு மீன்காரன்தான், பெயர் வொங்.