மருமகள் பக்கத்தில் நின்று சுட்டவள்

பிரகதீஸ்வரியின் தாலிக்கொடியில் அன்றைக்கு ஒரு கொத்து ஊக்கு தொங்கியது. மருமகள் ஹரிணி மூன்று சேலை மாற்ற வேண்டும். கல்யாணம் முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. இப்போது ஆல்பத்துக்காக வெளியூர் ஷூட்டிங். மகன் எழிலரசனும் ஹரிணியும் மட்டும் போனால் போதாதா என்றால், போதாது. சார்ஜாவிலிருந்து உத்தரவு வந்திருந்தது.

"புதுப்பொண்ணு மாப்பிள்ளைய கம்மாக்கரையில தனியா நிக்க விட்டுராத. நீயும் கூடப் போ. கையில ஒரு இரும்புத் துண்டு வச்சுக்க," என்றார் கணவர் குழந்தைசாமி.

"ஊக்கு இருக்குங்க. அதுவும் இரும்புதான்."

மகனுக்குப் பல் முளைக்கும் முன்பே விமானம் ஏறியவர் குழந்தைசாமி. தொலைவில் இருப்பதால் அவருக்கு எல்லாமே பயம். கேஸ் அடுப்பு, தெருநாய், மோட்டார் சுவிட்ச், எல்லாவற்றுக்கும் போன் வரும். போன வாரம் அமெரிக்காவில் ஏதோ கடையில் ஷூட்டிங் என்று செய்தியில் பார்த்துவிட்டு இவளைக் கூப்பிட்டார்.

"கடைத்தெருவுக்குப் போகாத."

"அது அமெரிக்காவுலங்க. நான் கறம்பக்குடி சந்தையில கத்தரிக்கா வாங்கிக்கிட்டு நிக்கிறேன்."

ஷூட்டிங் என்பது ஒரே சொல்தான். அவருக்கு அது சாவுச் செய்தி, எழிலரசனுக்கு ஆல்பம், பக்கத்து வீட்டு ராஜலட்சுமிக்கு சினிமா. பிரகதீஸ்வரிக்கு அது என்ன என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

புதுக்கோட்டையில் கல்லூரி படித்தபோது அவள் என்.சி.சி.யில் இருந்தாள். திருச்சி முகாமில் தரையில் குப்புறப் படுத்து, ரைபிளின் கட்டையைத் தோளில் அணைத்து, முதல் தோட்டாவைச் சுட்ட காலை அவள் உடம்பில் இன்னும் இருக்கிறது. எண்ணெய் வாசனை. கன்னத்தில் மரத்தின் குளிர்ச்சி. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தும்போது உலகமே சுருங்கி ஒரு கறுப்புப் புள்ளியாகிவிடும். அந்தப் புள்ளிக்குள் அம்மா இல்லை, அப்பா இல்லை, பரீட்சை இல்லை. ஊர் திரும்பியதும், "ஷூட்டிங் போனியாமுல்ல, எந்த நடிகரப் பாத்த?" என்று தெருவே கேட்டது. அவள் சிரித்தாள். மாநில அளவுப் போட்டிக்கு அவள் பெயர் வந்த அதே வாரம் பெண் பார்க்கவும் வந்தார்கள். அப்பா போட்டிக்கு அனுப்பவில்லை.

"துப்பாக்கி புடிச்ச கதையெல்லாம் மாப்பிள்ளை வீட்டுல சொல்லிக்கிட்டு இருக்காத ஆத்தா, பயந்துருவாக," என்றாள் அம்மா.

அவளும் சொல்லவில்லை. ஆனால் முருங்கைக்காய் பறிக்கத் துரட்டி தூக்கினாலும் ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும். துவைத்த துணியைக் கொடியில் போடும்போதுகூட மூச்சு பாதியில் நிற்கும். இன்னொரு தடவை, ஒரே ஒரு தடவை என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது.

கண்மாய்க்கரையில் இரண்டு சேலை முடிந்தது. மூன்றாவதுக்கு, வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒரு மாரியம்மன் கோவில் திருவிழாக் கடைகளுக்குக் கூட்டிப்போனான் போட்டோகிராபர் ஜஸ்டின். பலூன் சுடுகிற கடையைப் பார்த்ததும் அவனுக்கு யோசனை பிறந்துவிட்டது.

"அண்ணே, அண்ணி துப்பாக்கியப் புடிக்கணும், நீங்க பின்னாடி நின்னு குறி சொல்லிக் குடுக்கணும். பலூன் டொப்புனு வெடிக்கணும். ஸ்லோ மோஷன்ல அள்ளிரும்."

ஹரிணி சுட்டாள். எதுவும் வெடிக்கவில்லை. எழிலரசன் சுட்டான். "ஏம்ப்பா, பலூனு இங்கிட்டு இருக்கு, நீ அங்கிட்டு சுடுற," என்றாள் கடைக்காரப் பெண். ஜஸ்டினே கேமராவைக் கீழே வைத்துவிட்டுச் சுட்டான். பலூன்கள் காற்றில் ஆடிக்கொண்டு நின்றன. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"வெளிச்சம் போகுதுண்ணே."

"அத்தைகிட்டதான் ஊக்கு இருக்குல்ல," என்றாள் ஹரிணி. "அத்தை, நீங்க பின்னால போயி மறைஞ்சு நின்னு குத்திருங்களேன். நான் சுடுற மாதிரி நடிச்சுக்கிறேன்."

பிரகதீஸ்வரி தாலிக்கொடியிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றினாள். பலூன் கட்டியிருந்த பலகைக்குப் பின்னால் போக இரண்டடி வைத்தாள். நின்றாள். ஊக்கைத் திரும்ப மாட்டிவிட்டு, மேஜையில் கிடந்த இன்னொரு துப்பாக்கியை எடுத்தாள்.

"யம்மா, அத வைங்க. அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னைய வையும்," என்றான் எழிலரசன்.

"நீ ஒன் பொண்டாட்டி பக்கத்துல நில்லு. படத்துல நான் தெரியாம நின்னுக்கிறேன்."

அவள் குழலை மடக்கி ஈயக்குண்டைப் போட்டு நிமிர்த்திய விதத்தைப் பார்த்துக் கடைக்காரப் பெண் வெற்றிலை மெல்வதை நிறுத்தினாள். பிரகதீஸ்வரி கட்டையைத் தோளில் அணைத்தாள். கன்னத்தைச் சாய்த்தாள். குழல் நுனியில் இருக்க வேண்டிய குறிமுனை கலங்கிப்போய்த் தெரிந்தது. வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டால் பலூன் கலங்கியது. கழற்றினால் முனை கலங்கியது. இத்தனை வருஷம் கைதான் மறந்துவிடுமோ என்று பயந்திருந்தாள். கண்ணைப் பற்றி நினைக்கவே இல்லை.

கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் செருகினாள். மஞ்சள் பலூனைப் பார்த்து அழுத்தினாள். வெடிக்கவில்லை. பலூனுக்கு இடது கீழே, பலகையில் ஒட்டியிருந்த வெள்ளைத் தாளில் ஓர் ஓட்டை விழுந்தது.

"அம்மாவும் அவுட்டு," என்றான் ஜஸ்டின்.

மறுபடி மஞ்சளையே குறி வைத்தாள். வெடிக்கவில்லை. மூன்றாவதும் அப்படியே. எழிலரசன் தலையில் கை வைத்தான். கடைக்காரப் பெண்தான் தாளருகே குனிந்து பார்த்தாள்.

"என்னாக்கா இது, மூணும் ஒரே ஓட்டைக்குள்ளயே போயிருக்கு!"

பிரகதீஸ்வரி மூச்சு விட்டாள். கை மறக்கவில்லை. கண்ணும் அவ்வளவு மோசமில்லை. துப்பாக்கிதான் கோணல். ஜஸ்டினைப் பார்த்து, "கேமராவ ஓட விடுப்பா," என்றாள். ஹரிணி புன்னகையோடு துப்பாக்கியை நீட்டி நின்றாள். பிரகதீஸ்வரி படத்தில் விழாமல் தள்ளி நின்று, பலூனுக்குக் கொஞ்சம் வலது மேலே குறி வைத்தாள். மூச்சைப் பாதி விட்டாள். திருவிழா ஒலிபெருக்கி நின்றுபோன மாதிரி இருந்தது. புள்ளி மட்டும் இருந்தது.

மஞ்சள் வெடித்தது. "இன்னொன்னு!" என்று கத்தினான் ஜஸ்டின். சிவப்பு வெடித்தது. பச்சை வெடித்தது. ஹரிணி நிஜமாகவே துள்ளினாள்.

எழிலரசன் அந்தத் துண்டு வீடியோவை அங்கேயே அப்பாவுக்கு அனுப்பிவிட்டான். வேனுக்குள் பிரகதீஸ்வரி ஹரிணிக்குச் சேலையில் ஊக்கு கழற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"என்ன பிரகதி, மருமக இந்தப் போடு போடுது! பார்த்து இருங்கப்பா, கண்ணுல கிண்ணுல பட்டுறப் போகுது."

வழக்கம்போல "சரிங்க" என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்ததே வேறு.

"அது மருமக இல்லைங்க. சுட்டது நான்."

அவள் வேனை விட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டு, திருச்சி முகாமையும் வந்த பெயரையும் போகாத போட்டியையும் வேகமாகச் சொன்னாள். நிறுத்தினால் அவர் கேஸ் அடுப்பைப் பற்றிக் கேட்டுவிடுவாரோ என்று நிறுத்தாமல் சொன்னாள்.

"இத்தனை வருசமா ஏன் சொல்லல?"

"நீங்க பயப்படுவீகன்னு அம்மா சொன்னுச்சு."

"பயமாத்தான் இருக்கு," என்றார். பிறகு, குரலைத் தணித்து, "இன்னமும் சுடணும்னு இருக்கா ஒனக்கு?" என்று கேட்டார்.

"இருக்குங்க," என்றாள். அது காற்றாகத்தான் வந்தது. அந்தப் பக்கம் யாரோ அவரை இந்தியில் கூப்பிட்டார்கள். இரும்பு உரசும் சத்தம், லாரி பின்னால் வரும் சத்தம். "ஹலோ, என்ன சொன்ன? கேக்கல," என்றார் குழந்தைசாமி.

திருவிழாக் கூட்டம் திரும்பிப் பார்க்கும்படி, வேனுக்குள் ஹரிணி எட்டிப் பார்க்கும்படி, பிரகதீஸ்வரி கத்தினாள்.

"இருக்குங்க! ரொம்ப இருக்கு!"