நொச்சித் தண்ணீரும் அம்மாவின் காலும்

அம்மாவின் கால் வீக்கம் அப்பாவின் வைத்தியத்தால் குணமாகிவிட்டதென்று அப்பா ஒருநாளும் சொல்லவில்லை. தெரு முழுக்கச் சொன்னது நான்தான்.

அம்மா ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்த்தாள். ஷிப்ட் முடியும்வரை நின்றபடியே தோலுக்குப் பசை தடவ வேண்டும். மாலையில் வேனிலிருந்து இறங்கும்போது கணுக்கால் எலும்பே தெரியாது. அப்பா நொச்சியும் வாதநாராயணன் இலையும் போட்டுத் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சி, பிளாஸ்டிக் டப்பில் ஊற்றுவார். அம்மா அதில் காலை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். பிறகு முடக்கத்தான் சாற்றை நல்லெண்ணெயில் காய்ச்சிய தைலம். விடிந்தால் வீக்கம் வடிந்திருக்கும், வேலைக்குப் போய் வந்தால் திரும்பிவிடும்.

இலை பறிக்கப் போகிறவர் வீடு திரும்பும்வரை வாய் திறக்கக் கூடாது, திறந்தால் இலையின் வீரியம் போய்விடும் என்பது அப்பா வீட்டு வழக்கம். எதிரில் யார் வந்தாலும் தலையை மட்டும் ஆட்டுவார். எங்கள் ஊரான பெருநகரில் பாதிப் பேர் அவரைத் திமிர் பிடித்தவர் என்றே நினைத்தார்கள்.

ஒருநாள் முதல் அம்மா வேனில் ஏறவில்லை. லீவு என்றாள். சீக்கிரமே காலும் வற்றிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா அப்போதும் தினமும் இலை பறிக்கப் போனார். ஒருநாள் நானும் கூடப் போனபோது, ஏரிக்கரையில் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தினார்.

"இன்னாபா, உன் வூட்ல வேலைக்குப் போவலியா? கம்பெனில ஆள கொறைச்சிட்டாங்களாமே?"

அப்பா இலைக்கட்டை மாற்றிப் பிடித்தார். நான் முந்திக்கொண்டேன். "அப்பா இப்ப பேசக்கூடாது. அம்மாவுக்குக் கால் நல்லாயிடுச்சி, அதான் வூட்ல கீது."

மறுநாளே பெண்கள் இலை கேட்டு வந்தார்கள். அப்பா கொடுத்தார். அம்மா உள்ளேயே இருந்தாள். கேஸ் தீர்ந்து விறகடுப்புக்கு வந்திருந்தோம். அம்மாவையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கையில் இலை இருக்கும்வரை அப்பா யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதும் எனக்குத் தோன்றவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம் அம்மா வேறொரு கம்பெனி வேனிலிருந்து இறங்கி வந்தாள். உட்கார்ந்து புடவையைக் கொஞ்சம் தூக்கி அப்பாவுக்குக் காலைக் காட்டினாள். பழையபடி வீங்கியிருந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்பா கடைக்குப் போய் ரவையும் சர்க்கரையும் வாங்கி வந்து கேசரி கிண்டினார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. தெருவில் இனி எந்த முகத்தோடு நடப்பது? "எல பறிக்கறப்போ யார்கிட்டயோ பேசிட்ட நீ" என்றேன்.

"ஆமா பாப்பா" என்றார் அப்பா. "ஏரிக்கரையில அந்தப் புது கம்பெனி வேன் டிரைவரப் பாத்தேன். அம்மாவுக்கு வேல கீதான்னு கேட்டுட்டேன்."

அம்மா டப்பில் காலை வைத்தபடி கேசரியைத் தின்றாள். அப்பா வாய் திறந்ததால்தான் வீக்கம் திரும்பிவிட்டதென்று மறுநாள் தெரு முழுக்கச் சொன்னேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்பது எனக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று.