காய்ச்சல் பார்த்த கண்ணாடிக் குழல்

திங்கட்கிழமை மாலை அந்தக் குழலை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அக்காள் உள்ளறையில் கட்டிலில் கிடந்தாள். பிறந்து பதினாறு நாளான அவள் பிள்ளை அம்மாவின் மடியில் இருந்தான். அப்பா கல்பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்து முற்றத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு மைனி ஓமத்தண்ணீரோடு வந்திருந்தாள். அவளுடைய மூன்று வயது மகளும் முந்தானையைப் பிடித்தபடி நின்றாள். அத்தான் மட்டும் இல்லை. குலசேகரத்துக்கு மேலே மலைத்தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற வேலை அவருக்கு. அக்காளும் பேறுகாலத்துக்கு இங்கே வரும்வரை அங்கேதான் இருந்தாள். நல்ல பால் வடியும் நாட்களில் கங்காணி அவரை விடமாட்டார். பிள்ளை பிறந்ததற்கு ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போனவர்தான்.

அக்காளுக்குச் சனிக்கிழமை காய்ச்சல் வந்தது. ஞாயிறு விட்டது. திங்கள் மதியம் மறுபடியும் வந்தது. பேறுகாலத்துக் காய்ச்சல் என்றால் எங்கள் மயிலாடியில் பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அந்த ஆடியில்தான் கீழத்தெருவில் ஒரு மருமகள் பிள்ளை பெற்ற பத்தாம் நாள் இப்படிக் காய்ச்சலில் கிடந்து, மூன்றாம் நாளில் போய்ச் சேர்ந்தாள்.  அம்மா சாளரத்தைச் சாக்கால் அடைத்தாள். கட்டிலுக்கு அடியில் நெருப்புச்சட்டி வைத்தாள். பெற்றவளுக்குக் குளிர் ஏறக்கூடாது என்பது வழக்கம். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால், இலைகள் போட்டு வெந்த நீரை நாவு நனையும் அளவுக்குத்தான் கொடுப்பார்கள். புரட்டாசி வெயில் வெளியே கூரை ஓடுகளைக் காய்ச்சியது. உள்ளே போய் வந்தால் என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் நான் ஒருவன்தான். உள்ளூர்ப் பள்ளியிலேயே கீழ்வகுப்புக்கு வாத்தியாராகி நான்கு மாதம் ஆகியிருந்தது. உடம்பின் சூட்டை அளக்கலாம், அளந்தது எண்ணாக நிற்கும், எண்ணைக் கண்டால் பயப்பட வேண்டியதா இல்லையா என்று சொல்லிவிடலாம் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். படித்ததை அப்படியே நம்பினேன். தலைமை வாத்தியாரிடம் ஒரு தெர்மாமீட்டர் உண்டு. தகரக் கூட்டுக்குள் பஞ்சு வைத்து அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். கேட்டதும் தந்துவிடவில்லை. உதற வேண்டிய விதத்தை மூன்று தடவை செய்துகாட்டச் சொன்னார். பச்சைத்தண்ணீரில் மட்டும் கழுவ வேண்டும் என்றார். அதன்பிறகே தந்தார்.

அக்காளின் நாவுக்கடியில் வைத்து எடுத்து வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். நூற்று நான்கு. ஒரு நோட்டில் கிழமை, மணி, எண் மூன்றையும் எழுதினேன். அப்பா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஏலே, இது அவளுக்க சூட்டக் குடிச்சிருமா?"

குடிக்காது, காட்டும், அவ்வளவுதான் என்று விளக்கினேன். பாதரசம் சூட்டில் விரிவதைப் பற்றியும் சொன்னேன். உளி காய்ச்சுகிறவருக்கு அது புதிதாக இருந்திருக்காது. ஆனாலும் பொறுமையாகக் கேட்டார். உலையில் உளி எந்த நிறத்துக்கு வந்தால் தண்ணீரில் முக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். மகளுடைய நெற்றியில் கைவைத்துப் பார்க்கத்தான் அவருக்கு வழியில்லை. முப்பது வருடம் கல் கொத்திய உள்ளங்கை. சூடு அதில் ஏறாது. புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வெளியே போனார். விடிந்ததும் நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போக வில்வண்டி ஒன்று பேசிவிட்டு வந்தார்.

செவ்வாய் காலை வண்டி வாசலில் வந்து நின்றபோது குழல் தொண்ணூற்றெட்டுக்கு மேல் இரண்டு கோடு காட்டியது. குழலில் சிவப்பு அம்புக்குறி போட்டிருக்கும் இடம் அதுதான். சுகமுள்ள உடம்பின் சூடு அது என்று புத்தகம் சொன்னது. அம்மாவிடம் காட்டினேன். அக்காளும் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். காய்ச்சல் விட்டுவிட்டது, பெற்ற உடம்பை ஏழெட்டு மைல் வண்டியில் போட்டுக் குலுக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். அம்மா தயங்கினாள். ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான் விட்டது என்று முணுமுணுத்தாள். ஞாயிறு அளந்து பார்க்கவில்லையே, இன்று அளந்து பார்த்திருக்கிறோமே என்றேன்.  அப்பா என் முகத்தைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். வண்டிக்காரனுக்குப் பாதிக்கூலி கொடுத்து அனுப்பிவிட்டார்.

அன்றைக்கு வீடே இலேசாகிவிட்டது. தெருவில் பாதிப்பேர் சூடு பார்க்க வந்தார்கள். மைனி தன் வாயிலும் வைத்துக்கொண்டு, அசையாமல் கண்ணை உருட்டிக்கொண்டு நின்றாள். எடுத்ததும், "எனக்க மாமியாருக்கும் வச்சுப் பாரும் தம்பி. அந்த வாய் கொஞ்ச நேரமாவது மூடிக் கெடக்கட்டும்" என்றாள். உள்ளே அக்காள் சிரித்தது கேட்டது. நான் அசந்த நேரத்தில் மைனியின் மகளும் குழலை எடுத்துச் சப்பிவிட்டது. பச்சைத்தண்ணீரில் கழுவிக் கூட்டுக்குள் வைத்தேன். கழுவுகிற விதத்தை வேறு யாருக்கும் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அதை என்னைத் தவிர யாரும் தொடப்போவதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

புதன் மதியம் சோற்றுக்கு வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே கட்டிலின் சத்தம் கேட்டது. அக்காள் நடுங்குவதில் கட்டில் கால் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கம்பளியும் ஒரு சாக்கும் அவள் மேல் கிடந்தன. பற்கள் அடித்துக்கொண்டன.

அம்மா அடுக்களையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் கண்ணாடித் துண்டு. முன்னால் ஒரு செம்பு வெந்நீர், ஆவி பறந்துகொண்டிருந்தது. நான் வந்ததும் அளந்து பார்ப்பேன் என்று எடுத்து வைக்கப் போயிருக்கிறாள். ஊரார் வாயில் எல்லாம் போன எச்சில் குழல். பச்சைப்பிள்ளை இருக்கிற வீடு. எங்கள் வீட்டில் எச்சில்பட்ட எதையும் கொதிக்கிற தண்ணீரில்தான் கழுவுவோம். சுத்தமாக்க வேண்டும் என்றுதான் முக்கியிருக்கிறாள். முக்கியதும் வெடித்துவிட்டது. நூற்றுப் பத்து வரைதான் அதில் கோடு. கொதிக்கிற தண்ணீரில் பாதரசம் எங்கே போகும்? வெள்ளி மணிகளாகச் சாணித்தரையில் உருண்டு கிடந்தது. அம்மா ஒன்றைப் பிடிக்கப் போனாள், அது இரண்டானது.

"அவளுக்க உயிரு மாதிரி ஓடுது, மக்கா" என்றாள்.

நான் அவளைத் திட்டினேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத எனக்கு மனமில்லை. படிக்காதவர்கள் என்ற சொல் அதில் இருந்தது. தலைமை வாத்தியாருக்கு என்ன பதில் சொல்வேன் என்றும் கேட்டேன். அக்காள் நடுங்கிக்கொண்டிருக்கும்போது எனக்கு அந்தக் கவலை.

அப்பாவைக் கூப்பிட மைனி ஓடியிருந்தாள் போலும். கல்பொடி படிந்த தலையோடு வந்து நின்றார். செம்பைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"வெந்நியில கழுவாதேன்னு நீ இவகிட்ட சொன்னியா?"

"சொல்லல."

"பின்ன இவள என்னத்துக்குலே ஏசுக?"

 குனிந்து பாதரசத்தை ஓலைத்துண்டால் தேங்காய்ச் சிரட்டையில் கூட்டி எடுத்தார். நான் உள்ளறைக்குப் போனேன். எண் இல்லாமல் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். பிறகு அக்காளின் நெற்றியில் கைவைத்தேன். அந்த ஐந்து நாளில் நான் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை. நடுக்கம் அடங்கி உடம்பு எரியத் தொடங்கியிருந்தது. நெருப்புச்சட்டியின் மேல் கைவைத்தது போல இருந்தது.

"எத்தனலே காட்டுது?" என்று கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

"தெரியாதுக்கா. ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றேன்.

அதே வண்டிக்காரன்தான் வந்தான்.  வைக்கோலைத் தடிமனாகப் பரப்பி, வெயில் படாமல் பின்பக்கம் பாய் கட்டிக்கொடுத்தான். அம்மா பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினாள். வழி முழுக்க நான் ஈரத்துணியால் அக்காளின் முகத்தைத் துடைத்தேன். பெற்றவளுக்கு ஈரம் ஆகாது என்று அம்மா ஒருமுறை சொன்னாள். சொன்னவள் கொஞ்ச தூரத்தில் தானே துணியை வாங்கி நனைத்துத் தந்தாள். சுசீந்திரம் தாண்டும்போது அக்காளுக்கு வேர்க்கத் தொடங்கியது.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு பெண் டாக்டர். வயிற்றை அழுத்திப் பார்த்தார். நான் நீட்டிய நோட்டைப் பார்த்தார். திங்கள் நூற்று நான்கு, செவ்வாய் மூன்று நேரமும் சுகம், புதன் காலையும் சுகம். அதற்கு முந்திய நாட்கள் எப்படி என்று கேட்டார். நோட்டில் அது இல்லை. சனி இருந்தது, ஞாயிறு இல்லை, திங்கள் இருந்தது என்று அம்மா விரல்விட்டுச் சொன்னாள். புருஷன் எங்கே வேலை செய்கிறார் என்று அடுத்ததாகக் கேட்டார். மலைத்தோட்டம் என்றதும் அவருடைய முகம் தெளிந்தது. பேறுகாலத்தால் வந்தது இல்லை, மலையிலிருந்து கொண்டுவந்த மலேரியாக் குளிர்காய்ச்சல், ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், கொய்னா மருந்துக்குக் கேட்கும் என்றார். இன்னும் நாலு தடவை இப்படி அடித்திருந்தால் இந்த உடம்பு தாங்கியிருக்காது என்றும் சொன்னார். அறையைத் திறந்து போடச் சொன்னார். கேட்கும்போதெல்லாம் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

அக்காள் ஒரு செம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தாள். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இத்தனை நாள் அவளைத் தாகத்தோடு கிடத்தியது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அவள் கையிலிருந்த பிள்ளையை வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை நடுக்கம் வந்தது, ஆனால் சிறிதாக. ஞாயிறு வரவில்லை. அடுத்த நாள் வீட்டுக்கு வந்தோம். அத்தானுக்குக் கடிதம் போட்டேன். அவருக்கும் கொய்னா வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னதையும் எழுதினேன்.

தலைமை வாத்தியாரிடம் காலிக் கூட்டைக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைக் கோபிக்கவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அடுத்த மாதச் சம்பளத்தில் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். தன் அக்குளில் வைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் அலமாரியில் பூட்டினார்.

திருப்பி அனுப்பிய வண்டிக்குப் பாதிக்கூலி இருபத்தொரு சக்கரக் காசு, மறுநாள் வண்டிக்கு ஒன்றரை ரூபாய், ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களுக்கும் திரும்பி வந்ததற்கும் ஒரு ரூபாய் இருபது சக்கரம், தெர்மாமீட்டருக்கு ஒரு ரூபாய் இருபத்தொரு சக்கரம். ரூபாய்க்கு இருபத்தெட்டு சக்கரமாகக் கூட்டினால் எல்லாமாக எங்களுக்கு ஆனது ஐந்து ரூபாய் இருபது சக்கரம்.