மல்லிகை அணி வைத்த சாம்பார்

கொளஞ்சிக்குக் கை சும்மா இருக்காது. மரக்காணத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் சத்துணவுச் சமையல் அவளுக்கு. அதற்கு முன்பு உப்பளத்தில் கூடை சுமந்தவள். புருஷன் பச்சமுத்து இன்னும் அளத்துக்குத்தான் போகிறான். பிள்ளைகள் இருவரும் சென்னையோடு போய்விட்ட பிறகும் வீட்டில் நாலு பேருக்கு உலை வைப்பாள். யாராவது வந்தால்? யாரும் வருவதில்லை. மிச்சத்தை மறுநாள் தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டு மறுபடியும் நாலு பேருக்கு வைப்பாள்.

பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் படுத்ததைத் தவிர, வீட்டை விட்டு அவள் ஓர் இரவு வெளியே தங்கியதில்லை. சாரணியர் முகாமுக்கு இன்னொரு பெண் துணை வேண்டும் என்று பூங்குழலி டீச்சர் ஆசிரியர் அறையில் கேட்டபோது, ஒருவருக்கு மாமியார், ஒருவருக்கு முதுகுவலி, ஒருவருக்குக் கிரகப்பிரவேசம் என்று ஆளாளுக்கு நழுவினார்கள். டீ கொண்டுபோன கொளஞ்சி தட்டைக் கீழே வைக்காமலேயே, "நான் வர்றேன் டீச்சர்" என்றுவிட்டாள். சொன்ன பிறகு அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது.

"நீ என்னாத்துக்கு? ஆக்கிப் போடவா?" என்றான் பச்சமுத்து.

"பின்ன, பாட்டுப் பாடவா கூப்புடுவாங்க?" என்று சொல்லிவிட்டு, சோறு கிளறும் நீளக் கரண்டியைப் பழைய புடவையில் சுற்றிப் பைக்குள் செருகினாள்.

கூனிமேட்டுக்குப் பக்கத்தில், கடலை ஒட்டிய சவுக்குத் தோப்பில் மூன்று நாள் முகாம். பிள்ளைகள் கயிறு கட்டி, முளை அடித்துக் கூடாரம் போடும்போது கொளஞ்சி அடுப்புக்குக் கல் தேடிப் புறப்பட்டாள். பூங்குழலி டீச்சர் ஓடிவந்து தடுத்தாள்.

"கொளஞ்சிம்மா, இங்க நீங்க எதையும் தொடக் கூடாது. ஒவ்வொரு அணியும் தானே சமைக்கணும். நாளைக்கு மத்தியானம் மாவட்டத்துலருந்து வந்து சாப்ட்டுப் பாத்து மார்க் போடுவாங்க. பெரியவங்க கரண்டியத் தொட்டாலும் ஃபெயிலு, யோசன சொன்னாலும் ஃபெயிலு."

"அப்போ நான் என்னாதான் பண்றது?"

"சும்மா உக்காருங்க."

இப்படியொரு வேலையை அவளுக்கு யாரும் கொடுத்ததில்லை. முதலில் சங்கடமாக இருந்தது. மடியில் கையை வைப்பாள், எடுப்பாள். சாயங்காலம் ஒரு பிள்ளை, டீச்சர் கடையில் வாங்கிய டீயும் பன்னும் கொண்டுவந்து நீட்டியபோது, வேறு யாருக்கோ என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். இரவு கூடாரத்தில் அலைச்சத்தம் கேட்டுக்கொண்டே கால் நீட்டிப் படுத்தாள். காலையில் விசில் ஊதித்தான் எழுப்ப வேண்டியிருந்தது. கொடியேற்றத்தின்போது எல்லாரோடும் நின்று சல்யூட்கூட அடித்தாள், இடது கையால்.

வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்கு இந்த இடம் பிடித்துப்போய்விட்டது. அடுத்த வருஷமும் வர வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஆனால் பள்ளித் தலைமை, பெரிய டீச்சர், கறாராகச் சொல்லியிருந்தார்: ஓர் அணியாவது பாஸ் பண்ணினால்தான் அடுத்த வருஷம் முகாம், இல்லையென்றால் இதோடு மூட்டை கட்டிவிட வேண்டியதுதான்.

முதல் நாள் கட்டுச்சோற்றிலும் பன்னிலும் ஓடிவிட்டது. இரண்டாம் நாள் மத்தியானம்தான் முதன்முதலாக அடுப்பு மூட்டினார்கள். மல்லிகை, தாமரை, ரோஜா என்று மூன்று அணி. பருப்பு இருந்தது, புளி இருந்தது, பெருங்காயம்கூட இருந்தது. உப்பு மட்டும் இல்லை. மூன்று அணியிலும் ஒருத்திகூடக் கொண்டுவரவில்லை.

சிரிக்காதீர்கள். இவர்களில் பாதிப் பேர் அளத்து வேலைக்காரர்களின் பிள்ளைகள். அந்த வீடுகளில் உப்பு கடைச் சாமான் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பை கொண்டுவந்து மூலையில் போட்டால் மாசக்கணக்கில் கிடக்கும். 'கடையில் வாங்க வேண்டியதெல்லாம் வாங்கி வாருங்கள்' என்று டீச்சர் சொன்னால் பாவம், உப்பு எப்படி நினைவுக்கு வரும்?

ரோஜா அணி ஊறுகாயைக் கரைத்து ஊற்றியது. தாமரை அணியில் அழுகை ஆரம்பித்துவிட்டது. கொளஞ்சிக்கு இருப்புக்கொள்ளவில்லை. ரோட்டைத் தாண்டினால் பெட்டிக்கடை. பிள்ளைகள்தான் முகாம் எல்லையைத் தாண்டக் கூடாது, அவள் தாண்டலாம். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பாதித் தோப்பு வரை போனாள். 'தொட்டாலும் ஃபெயிலு' என்பது நினைவுக்கு வந்தது. தன் மேலேயே எரிச்சல் பட்டுக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

மல்லிகை அணித் தலைவி சந்தியா இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஏண்டி, அளத்துல என்னா பண்றாங்க? தண்ணியக் காய வெக்கிறாங்க. வெய்யில்ல காயுறது அடுப்புல காயாதா?" என்றாள்.

டீச்சர் கரையில் காவல் நிற்க, இரண்டு பேர் கடலில் குடம் மொண்டு வந்தார்கள். கழுத்தில் கட்டியிருந்த ஸ்கார்ஃபை நாலாக மடித்து வடிகட்டினார்கள். அகலச் சட்டியில் கொதித்துக் கொதித்துத் தண்ணீர் சுண்டியது. உப்பாக உறையும் வரை பொறுக்க நேரமில்லை. சுண்டிய தண்ணீரைக் கரண்டி கரண்டியாகச் சாம்பாரில் ஊற்றி, நாக்கில் விட்டுப் பார்த்து, மறுபடியும் ஊற்றினார்கள். கொளஞ்சி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சிரிப்பா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை.

தேர்வாளர் அமுதவல்லி வந்தார். பள்ளிகளை ஆய்வு செய்து ஓய்வு பெற்றவர், பேச்சு குறைவு. ரோஜா அணியின் சாம்பாருக்கு முகம் சுளித்தார். தாமரை அணியினுடையதை ஒரு வாயோடு நிறுத்தினார். மல்லிகை அணியின் சாம்பாரைச் சாப்பிட்டவர் நிமிர்ந்து பார்த்தார். தோலோடு தட்டிப் போட்ட பூண்டு, இறக்கும்போது தூவிய முருங்கைக்கீரை.

"இது சத்துணவுச் சாம்பார் மாதிரியில்ல இருக்குது?" என்றவர் கொளஞ்சியிடம் திரும்பினார். "நீங்க ஸ்கூல்ல என்ன வேல?"

"சத்துணவுல சமையலுங்க."

"ஓ. அப்போ இது யார் கை?"

தினமும் அவள் கையால் சாப்பிடுகிற பிள்ளைகள், வேறு எந்தச் சாம்பாரைத்தான் வைப்பார்கள்? கடல் தண்ணீரைச் சொன்னால் அவர் நம்பிவிடுவார். ஆனால் உப்பை மறந்ததும் சேர்ந்து வெளியே வரும், அதற்கு மார்க் போகும். பிள்ளைகளைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"நான் தொடலீங்க" என்றாள் கொளஞ்சி.

அமுதவல்லி பேனாவை மூடினார். "பெரியவங்க சமைச்சத நான் எப்படிம்மா பாஸ் போடுறது?"

சந்தியா ஓடிப்போய் அடுப்பில் மறந்துவிட்டிருந்த சட்டியைத் தூக்கி வந்தாள். அடியில் வெள்ளையாக உப்புப் பொரிந்து ஒட்டியிருந்தது. "மேடம், நாங்க உப்பு எடுத்தாரல. மறந்துட்டோம். கடல் தண்ணியக் காய்ச்சி ஊத்தினோம். கொளஞ்சிம்மா வெச்சிருந்தா இந்தக் கூத்தெல்லாம் பண்ணுவாங்களா? மார்க்க வேணா கொறச்சுக்கோங்க, அவங்கள எதுவும் சொல்லாதீங்க."

அமுதவல்லி விரலால் சுரண்டி வாயில் போட்டுப் பார்த்தார். "மரக்காணத்துப் பிள்ளைங்க. உப்ப மறந்துட்டு வந்தீங்களா?" என்று ஆரம்பித்தவருக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் புரையேறி, தண்ணீர் குடித்த பிறகுதான் நின்றது. மறதிக்கு மார்க்கைக் குறைத்தார். குறைத்தும் மல்லிகை அணி பாஸ். பிள்ளைகள் போட்ட கூச்சலில் தோப்பிலிருந்த காக்கை எல்லாம் பறந்தன.

அவர் ஜீப் ஏறியதும் சந்தியா கொளஞ்சியைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். இலை போட்டு, சோறு வைத்து, குனிந்து சாம்பார் ஊற்றினாள். ஆவி பறந்தது. கொளஞ்சி பிசைந்து ஒரு வாய் வைத்தாள். அவளுடைய சாம்பாரேதான். அண்டா முன் நின்று உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்திருக்கிறாளே தவிர, ஒருத்தர் பரிமாற உட்கார்ந்து அதை அவள் சாப்பிட்டதில்லை. சந்தோஷத்தில் அழுகை வருமென்று அவளுக்குத் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"எப்டிம்மா இருக்குது?" என்று சந்தியா பயந்து கேட்டாள்.

"கடல் தண்ணிக்கு லேசாக் கசக்குது. அதுக்கென்னா," என்று இலையில் சோற்றை ஒதுக்கிக் குழி செய்தாள் கொளஞ்சி. "இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துடி."