சுந்தரம்மாள் சிரிக்காத படம்

கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுந்தரம்மாள் போனை வாய்க்கு நேரே பிடித்து, யூடியூபில் கருத்துப் போட்டவர்களை ஏசத் தொடங்கிவிடுவாள். கையெல்லாம் உளுந்து மாவாக இருக்கும். அதனால் எழுத்துகளைத் தட்டுவதில்லை. சொல்லச் சொல்ல போன் எழுதிக்கொள்ளும். "ஏலே, நீயெல்லாம் மனுசனாலே? அங்கன ஒரு ஆளு இடுப்பொடிஞ்சு கெடக்கான். ஒனக்கு டைமிங் கேக்குதோ?" என்று அவள் சொன்னால், போன் கிரைண்டர் இரைச்சலில் பாதியைக் கோட்டை விட்டு, இடுப்பு ஒடிந்த இடத்தில் அடுப்பு ஒடிந்ததாக எழுதி வைக்கும். அவள் திருத்துவதில்லை. மாவு படாத சுண்டுவிரலால் அனுப்பிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவாள்.

சங்கரன்கோவிலில், திருவேங்கடம் சாலையில் இருக்கிறது அவளுடைய இட்லி மாவுக் கடை. விசைத்தறிக்குப் போகிற பெண்கள் காலையிலும் மாலையிலும் வாங்கிப் போகிறார்கள். மாவு இரண்டு நாள் ஆனாலும் புளிக்காது. "மாவு புளிக்காது, அவுக மொகந்தான் புளிச்சிருக்கும்" என்று தெருவில் சொல்வார்கள். கடை வாசலில் யாராவது போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றால் அவர்களுக்குக் கடைசியில்தான் மாவு. "நீ சிரிச்சு முடி மக்கா. பெறகு தாரேன்" என்பாள். அந்த ஆள் பார்ப்பது வேறு எதுவாக இருந்தாலும் அவளுக்குக் கவலையில்லை. சிரிப்புச் சத்தம் போனிலிருந்து வந்தாலே பிடிக்காது.

எல்லாம் அந்தப் பந்தல் படத்தால் வந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் வெளியூர்க் கம்பெனி ஒன்று எடுத்த சின்னப் படம் அது. அரை மணி நேரம்கூட ஓடாது. பேச்சே கிடையாது. தியேட்டர்களில் பெரிய படத்துக்கு முன்னால் போட்டார்கள். ஒரு கஞ்ச மாப்பிள்ளை, பந்தல்காரருக்குக் கூலி கொடுக்க மனமில்லாமல், தன் கல்யாணத்துக்குத் தானே பந்தல் போடுகிறான். இந்தப் பக்கம் மூங்கிலைக் கட்டினால் அந்தப் பக்கம் அவிழ்கிறது. வாழை மரத்தை ஆடு தின்கிறது. கீற்று சரிந்து மாமனார் தலையில் தொப்பி மாதிரி உட்கார்கிறது. கடைசியில் மாப்பிள்ளை உச்சியிலிருந்து பந்தலைப் பிய்த்துக்கொண்டு விழுகிறான். முதுகைக் காட்டியபடி எழப் பார்க்கிறான், முடியவில்லை. மறுபடி பார்க்கிறான், மறுபடி உட்கார்ந்துவிடுகிறான். மூன்றாம் தடவையும் அப்படியே. படம் முடிந்தது.

இடையில் காணாமல் போயிருந்த அந்தப் படத்தை யாரோ கண்டெடுத்து, கோடு புள்ளியெல்லாம் துடைத்து, யூடியூபில் ஏற்றினார்கள். பிறகு அதற்கு ரசிகர்கள் முளைத்தார்கள். ஆடு வரும் காட்சிதான் உசத்தி என்று ஒரு கூட்டம். கீற்றுத் தொப்பிதான் என்று இன்னொரு கூட்டம். ஆனால் கடைசி விழுகை பற்றி இரண்டு கூட்டத்துக்கும் ஒரே பேச்சு. "டூப் போடாம விழுந்திருக்கார் பாருங்க, அதான் கலைஞன்." "விழுறத விட எந்திரிக்கப் பாக்குறதுதான் மாஸ். சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குது." சிலருக்குக் குறையும் உண்டு. "எந்திரிக்கிற இடம் கொஞ்சம் ஓவர் ஆக்டிங்."

விழுந்தது அந்த நடிகர் இல்லை. விழுந்தவர் மாவுக்கடை வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில், மாவுக் கவர்களுக்கு ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சுந்தரம்மாளின் கணவர் தங்கப்பழம்.

அப்போது அவர் பந்தல் வேலைக்காரர். படத்துக்கு மூங்கில் கட்டத்தான் கரிவலம்வந்தநல்லூருக்கு அழைத்துப் போனார்கள். நடிகர் உயரத்தைப் பார்த்துப் பயந்துவிட, அவருடைய கட்டம் போட்ட சட்டையைக் கழற்றித் தங்கப்பழத்துக்கு மாட்டிவிட்டார்கள். கீழே வைக்கோல் குவித்திருந்தது. கேமராவில் வைக்கோல் தெரிகிறது என்று யாரோ சொன்னதும் அதை ஒதுக்கச் சொன்னார்கள். "ஒதுக்குங்க அண்ணாச்சி, நான் பாத்துக்கிடுதேன்" என்று மேலேயிருந்து சொன்னவரும் தங்கப்பழமேதான். விழுந்தவர் எழப் பார்த்தார். யாரும் ஓடி வரவில்லை. நடிக்கிறார் என்று நினைத்து கேமராவை ஓடவிட்டார்கள். மூன்றாம் தடவை அவர் உட்கார்ந்த பிறகுதான் ஒருவருக்குச் சந்தேகம் வந்தது.

சுந்தரம்மாளுக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருடம் ஆகவில்லை. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அவர் காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்த நாட்களில் படம் சங்கரன்கோவிலுக்கு வந்தது. மாற்றுத் துணி எடுக்க ஊருக்கு வந்தவளிடம், "ஒங்க வீட்டுக்காரருக்கு நடந்த மாதிரியே படத்துல ஒரு ஆளு விழுதான் சுந்தரம்" என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். பார்த்தே தீர வேண்டும் என்று போனாள். பெண்கள் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சட்டை நடிகருடையது; முதுகு தன் புருஷனுடையது. அவர் எழ முடியாமல் தவித்த ஒவ்வொரு தடவையும் தியேட்டரே கூரை பிய்கிற மாதிரி சிரித்தது. அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் சிரித்துச் சிரித்து அவள் தோளிலேயே சாய்ந்தாள். அந்தச் சிரிப்பைத்தான் சுந்தரம்மாள் மன்னிக்கவில்லை. கம்பெனிக்காரர்களைக்கூட அவள் அவ்வளவு ஏசுவதில்லை.

தங்கப்பழத்தின் ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகிவிட்டது. மறுபடி அவர் மூங்கில் ஏறவில்லை. ஆனால் படத்தின் மீது அவருக்குக் கோபம் கிடையாது. மனைவி ஏசும்போது தலையைக் குனிந்துகொண்டு கவர் கட்டுவார். ஒரே ஒரு கருத்துக்குத்தான் வாய் திறந்திருக்கிறார். "ஓவர் ஆக்டிங்னு போட்டிருக்கான் பாரு, அவனுக்கு நல்லா நாலு வார்த்தை போடு."

"நீங்க நடிக்கவே இல்லையே. பெறகென்ன?"

"அது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாதுல்லா."

சுந்தரம்மாளுக்கு வந்த கோபத்தில் அன்று கிரைண்டரில் தண்ணீர் கூடிப்போய் மாவு தோசைக்குத்தான் ஆயிற்று.

ரசிகர்கள் அவளை நம்பவில்லை. "யார் இந்தம்மா, லைக்குக்காகப் பொய் சொல்லுது" என்று ஒருவன் எழுதினான். இன்னொருவன், அடுப்பு ஒடிந்ததற்கு ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தான். அன்று அவள் தன் கையாலேயே தட்டி, கடையின் விலாசத்தைப் போட்டு, "ஆம்பளையா இருந்தா நேர்ல வா" என்று முடித்தாள்.

ஷாஜித் வந்தான். தென்காசியில் செல்போன் கடை வைத்திருக்கிறவன். அந்த ரசிகர் குழுவை நடத்துகிறவனும் அவன்தான். பைக்கை நிறுத்தி இறங்கியவன், சுந்தரம்மாளிடம் போகாமல் நாற்காலிக்காரரைப் பார்த்தபடி நின்றான். தங்கப்பழம் கவர் எடுக்கத் திரும்பியபோது அவர் முதுகைப் பார்த்தான். ரசிகர்களுக்கு அந்த முதுகு மனப்பாடம். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, நீங்களா அது?"

"நான்தான் தம்பி" என்றார் தங்கப்பழம். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்த மாதிரி அவருக்கு வெட்கம்.

"சிரிச்ச வாயால மன்னிப்பும் கேளு" என்றாள் சுந்தரம்மாள். கேட்டான். தோசை மாவு ஒரு கவர் கொடுத்து அனுப்பினாள், காசு வாங்கிக்கொண்டுதான்.

அடுத்த மாதம் ராஜபாளையம் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் படத்தைத் திரையிட்டு, தங்கப்பழத்துக்குச் சால்வை போடுவதாக ஏற்பாடு. சுந்தரம்மாள் ஒரு நிபந்தனை வைத்தாள். படம் போடுவதற்கு முன்னால் அவள் பேச வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வாசுதேவநல்லூர், புளியங்குடி, திருநெல்வேலியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். தங்கப்பழம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்து, வருகிறவர்கள் எல்லாருக்கும் கும்பிடு போட்டார். அந்த உற்சாகமே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. மைக்கை வாங்கினாள்.

"நல்லாச் சிரிக்கீங்க. எழுதியும் போடுதீங்க. கடைசியில ஒரு ஆளு எந்திரிக்க முடியாம கெடக்காருல்லா, அதுல நடிப்பு ஒண்ணும் இல்ல. அங்கன இடுப்பெலும்பு ஒடைஞ்சு போச்சு. அவுகளுக்கு வலிக்கி. கூப்பிடக் குரல் வரல. ஒருத்தனும் வரல. அதுக்குத்தான் நீங்க சிரிச்சது. இப்பம் போடுங்க படத்தை. எவன் சிரிக்கான்னு நான் பாக்கேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஆடு வாழையைத் தின்றது. மண்டபம் கம்மென்று இருந்தது. மாமனார் தலையில் கீற்றுத் தொப்பி உட்கார்ந்தது. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். கட்டம் போட்ட சட்டை விழுந்தபோது மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சுந்தரம்மாள் கையைக் கட்டிக்கொண்டு திரைக்கு முதுகு காட்டி நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இத்தனை வருடமாக அவள் கேட்டது இந்த அமைதியைத்தான். கிடைத்துவிட்டது.

விளக்கு எரிந்ததும் தங்கப்பழம் தடியை ஊன்றி எழுந்து, அவளைப் பார்த்துப் பேசினார். மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது.

"என்னட்டி செஞ்சு வச்சிருக்க?"

"என்ன செஞ்சேன்? உள்ளதைச் சொன்னேன்."

"படம் வந்தப்ப நான் ஆஸ்பத்திரில கெடந்தேன். அந்தச் சிரிப்பை நீ தியேட்டர்ல கேட்ட. ஊரே கேட்டுச்சு. நான் ஒரு நாளு கேட்டிருக்கேனா? போன்ல எழுத்தாத்தான் பாத்திருக்கேன், ஹா ஹா ஹான்னு. இன்னைக்காவது காதால கேக்கலாம்னு வந்தேன். எல்லாரையும் எழவு வீட்டுல உக்காந்த மாதிரி ஆக்கிட்டியே."

"சிரிச்சா ஒங்க இடுப்பு சேந்துருமோ?"

"சிரிக்காட்டா சேந்துருமோ? வலிச்சது எனக்கு. விழுந்தது நான். சனம் சிரிக்கத்தான் விழுந்தேன். அது வீணாப் போகணுமா?"

அவரை அவ்வளவு கோபமாக அவள் பார்த்ததில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவளுக்கும் ஆத்திரம் அடங்கவில்லை. "நான் பட்டது எனக்குத்தான தெரியும். ஒங்களைத் தூக்கிச் சுமந்தது யாரு, இந்தச் சனமா?" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும் உட்காரவில்லை. "ஏ ஷாஜித் தம்பி, திருப்பிப் போடு" என்றார்.

ஷாஜித் சுந்தரம்மாளைப் பார்த்தான். அவள் விடுவிடுவென்று வந்து, கணவருக்குப் பக்கத்து நாற்காலியில், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். விளக்கு அணைந்தது.

முதலில் சிரித்தது தங்கப்பழம்தான். ஆடு வந்ததும் தொடையைத் தட்டினார். அவர் சிரிக்கிறார் என்று தெரிந்து பின்னால் ஒருவர் தயங்கிச் சிரித்தார். பிறகு ஒரு வரிசை. கீற்றுத் தொப்பிக்கு மண்டபமே சிரித்தது. கட்டம் போட்ட சட்டை பந்தலைப் பிய்த்துக்கொண்டு வந்தபோது விசில் பறந்தது. தங்கப்பழம் வாயைத் திறந்தபடி, கண்ணில் நீர் வழிய, தலையைத் திருப்பித் திருப்பி அந்தச் சத்தத்தை எல்லாப் பக்கமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

சுந்தரம்மாள் சிரிக்கவில்லை. ஆனால் முகம் எப்போதோ திரைப் பக்கம் திரும்பியிருந்தது. அங்கே அவர் ஒருமுறை எழப் பார்த்து உட்கார்ந்தார், சிரிப்பு. மறுமுறை பார்த்தார், இன்னும் பெரிய சிரிப்பு. மூன்றாம் தடவை அவர் கையை ஊன்றியபோது, சுந்தரம்மாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தவரின் கக்கத்தில் கையைக் கொடுத்து, பலம் கொண்ட மட்டும் மேலே தூக்கினாள்.