சவரி காலில் இறங்கிய கார் பாடி

எண்பதுகளின் தொடக்கத்தில், முத்தியால்பேட்டையில் நான் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தபோது, ஓர் அமெரிக்க வண்டி வேலைக்கு வந்தது. எட்டு சிலிண்டர், இரண்டே கதவு, நீளமான மூக்கு. மதராஸில் ஏலத்தில் எடுத்தவர் ஊரில் பெரிய வீட்டுக்காரர். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில் அவரை எல்லோரும் முசியே, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி உடம்பை முறுக்கும். வளைவில் திரும்பினால் கதவு தானாகத் திறந்துகொள்ளும். ஒரு தடவை அவர் மனைவி ரோட்டில் விழப் பார்த்தார். அடியில் படுத்துப் பார்த்தேன். உப்புக் காற்றில், பாடியைத் தாங்கும் அடிச்சட்டமான ஃப்ரேம் அரித்துப்போய், குத்தினால் செதில் செதிலாக உதிர்ந்தது.

ஒட்டுப் போடுவது வீண் என்று சொல்லிவிட்டேன். ப வடிவ இரும்புச் சேனல் இரண்டை எதிரெதிரே வைத்து வெல்டிங் செய்து, பெட்டி மாதிரி புது ஃப்ரேம் கட்டினேன். பழையதைவிட நல்ல கெட்டி. அந்த வேலையைப் பற்றி இன்றைக்கும் தலைநிமிர்ந்து பேசுவேன். ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது வேறு.

1. தூக்கியது

பழைய ஃப்ரேமிலிருந்து பாடியைத் தூக்கி எடுக்க வேண்டும். என்னுடையது ஓட்டுக்கூரை; பாரம் தூக்கும் செயின் பிளாக் மாட்டினால் கூரையே கீழே வந்துவிடும். அதனால் குருசுக்குப்பத்திலிருந்து சவரியையும் அவன் ஆட்களையும் கூப்பிட்டேன். தினமும் கரையில் படகு தூக்குகிறவர்கள். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குரல் கொடுப்பவன் ஒருவன்தான். அவன் சொன்னால் தூக்குவார்கள், அவன் சொன்னால்தான் இறக்குவார்கள். நடுவில் வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. இதை முசியேவிடம் முன்னாலேயே சொன்னேன். தலையை ஆட்டினார்.

சவரி பின்பக்க இடது மூலையைப் பிடித்துக்கொண்டு குரல் கொடுத்தான். பாடி இடுப்பு உயரத்துக்கு வந்து நகர ஆரம்பித்தது.

"நிறுத்து! நிறுத்து! கதவு தூண்ல உரசுது!" என்று முசியே கத்தினார்.

முன்னால் இருந்தவர்கள் சவரி குரலைக் கேட்டு நடந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் முசியே குரலைக் கேட்டு நின்றார்கள். பாடி சாய்ந்து, அந்த மூலை சவரி காலில் இறங்கிவிட்டது.

நாங்கள் தூக்கிக் காலை எடுத்தபோது முசியே கைக்குட்டையால் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"முசியே, ஆளப் பாருங்க!" என்றேன்.

"இரு மேஸ்திரி. பெயிண்ட் போயிருக்கு பாரு."

வாசலில் அவருடைய அம்பாசிடர் நின்றது. "அதுல ஏத்திக்கினு ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன்.

"சீட் உறை இப்பதான் மாத்துனேன். ரிக்‌ஷா கூப்புடு."

அந்த வார்த்தையைக் கேட்டபோது கையில் இருந்த ஸ்பேனரை அவர் மேல் எறியாமல் இருந்ததற்கு என்னை நானே மெச்சிக்கொள்ள வேண்டும். இவரெல்லாம் மனிதப் பிறவியா? சைக்கிள் ரிக்‌ஷாவில் சவரியை மடியில் சாய்த்துக்கொண்டு போனேன். டாக்டர் இரண்டு விரலை எடுத்துவிட்டார். பெருவிரலும் அதற்கு அடுத்ததும். "கட்டுமரத்துல காலு பிடிக்கணுமேண்ணே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

2. இறக்கியது

புது ஃப்ரேம் தயார். பாடி, அன்றைக்கு சவரியின் ஆட்கள் வைத்துவிட்டுப் போன காலி டிரம்கள் மேல் கிடந்தது. அதை ஃப்ரேமில் இறக்க ஆள் இல்லை. குப்பத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. முசியே மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்களைக் கேட்டார். விஷயம் அவர்களுக்கும் எட்டியிருந்தது, கையை விரித்துவிட்டார்கள். மழைக்காலம் நெருங்கியது. டிரம்முக்கு நடுவில் பாடி தொய்ய ஆரம்பித்து, கதவு இடுக்கு குறுகியது. அப்போதுதான் அவர் ஷெட்டுக்கு ஓடி வந்தார்.

"நீதான் ஆள் கொண்டாரணும்" என்று என்மேல் பாய்ந்தார்.

"எம் வேலை ஃப்ரேமு. அது முடிஞ்சுது. ஆளுங்கள வெரட்டுனது நீங்க. நீங்களே போய்க் கேளுங்க."

வேறு வழியில்லாமல் என்னையும் கூட்டிக்கொண்டு குருசுக்குப்பம் போனார். சவரி கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். முசியே மூச்சுவிடாமல் பேசினார். மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை.

சவரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வர்றோம்" என்றான். "நாந்தான் குரல் குடுப்பேன். எம் மூலைய நீங்க புடிக்கணும். செருப்பு இல்லாம."

மறுநாள் முசியே ஷூவோடுதான் வந்து நின்றார். சவரி ஸ்டூலில் உட்கார்ந்து அவர் காலையே பார்த்தான். யாரும் பாடியில் கை வைக்கவில்லை. கடைசியில் ஷூவைக் கழற்றினார். சவரி குரல் கொடுத்தான். அவசரமே இல்லாமல், நிறுத்தி நிறுத்திக் கொடுத்தான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் முசியே காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டதை எல்லோரும் பார்த்தோம். பாடி ஃப்ரேமில் உட்கார்ந்ததும் அவர் சட்டென்று குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

"பத்தும் இருக்கா முசியே?" என்றான் சவரி.

அவர் ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டார்.

வண்டி அதற்குப் பிறகு ஆட்டமே இல்லாமல் ஓடியது. கதவு எந்த வளைவிலும் திறக்கவில்லை. வந்த விருந்தாளிகளிடமெல்லாம் பாடியைத் தானே தூக்கி வைத்ததாக முசியே பெருமை அடித்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். சவரி கட்டுமரத்தில் நிற்க முடியாமல், கரையில் மீனுக்கு ஐஸ் உடைக்கும் வேலைக்குப் போனான். இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

இன்றைக்கு லிஃப்ட் வைத்து வேலை செய்கிற தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். பாரம் மேலே இருக்கும்போது வண்டியின் சொந்தக்காரர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் ஷெட்டுக்கு வெளியே நிற்கட்டும். கோபித்துக்கொண்டு வண்டியை எடுத்துப் போனால் போகட்டும். வேறு வண்டி வரும்.