விளக்கெண்ணெய் குடித்த கிளச்

என் வீட்டுக்காரர் மாட்டு டாக்டர். ராசிபுரத்தைச் சுற்றி எந்தப் பட்டியில் எந்த எருமைக்கு வயிறு உப்பினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதற்கென்று ஒரு மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது தள்ளிவிட்டுப் போன கிழட்டு வண்டி. முதல் நாளிலிருந்தே எனக்கு அதைக் கண்டால் ஆகாது. சத்தம், புகை, அடியில் ஓயாமல் ஒழுகும் எண்ணெய். நான் போட்ட கோலத்தின் மேல்தான் அதைக் கொண்டுவந்து நிறுத்துவார்.

அதன் கிளச் பிடியை இழுத்தால் கை வலித்தது. கியர் மாற்றினால் கறகறவென்று பல்லைக் கடித்தது. மெக்கானிக்கிடம் காட்ட வேண்டியதுதானே? காட்டவில்லை. மாட்டுக்கே வைத்தியம் பார்க்கிறவருக்கு இரும்பு எம்மாத்திரம்! "உள்ளே கட்டு இருக்குது அம்மிணி" என்றார். சாணி போடாத மாட்டுக்கு மருந்து புகட்டும் மூங்கில் குழாயை எடுத்து, கிளச் மூடியில் இருந்த துளை வழியாக விளக்கெண்ணெயை ஊற்றினார். ஒரு தடவையோடு விட்டாரா? சனிக்கிழமை தோறும் தான் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது வண்டிக்கும் புகட்டினார். எருமை வாய்க்குள் போய் வந்த அதே குழாய். கழுவினீர்களா என்று நான் கேட்கவில்லை. பதில் தெரியும்.

பிடி கொஞ்சம் இளகியது. அதை அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்தச் சமயத்தில்தான் சேலத்துப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து என்னை நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்பே டீச்சர் டிரெயினிங் முடித்தவள் நான். முடித்த நாளிலிருந்து அடுப்பும் சாணி நாற்றமும்தான் கண்டேன். பதினொரு மணிக்குள் போய்ச் சேராவிட்டால் வேலை அடுத்தவளுக்குப் போய்விடும். பஸ்ஸில் போகிறேன் என்றேன். மாமியாரும் அதையேதான் சொன்னார். இவர் கேட்கவில்லை. "வண்டி வெச்சிருக்கறவன் பொண்டாட்டி கரி பஸ்ஸுல போனா ஊரு சிரிக்குமல்ல?" என்றார். அது உலகச் சண்டைக் காலம், பெட்ரோலுக்குக் கூப்பன். பஸ்களெல்லாம் பின்னால் ஒரு கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு, பெட்ரோலுக்குப் பதில் அந்தப் புகையில் ஓடின. மாட்டைப் பார்க்கப் போக இவருக்குக் கூப்பன் கிடைத்தது. அந்தப் பெருமை வேறு.

புதுப் புடவை கட்டிப் பின்னால் உட்கார்ந்தேன். மல்லூருக்கு முன்னால் இருக்கும் சின்ன ஏற்றத்தில் வண்டி தன் குணத்தைக் காட்டியது. என்ஜின் கத்துகிறது, சக்கரம் நகரவில்லை. அவர் இன்னும் முறுக்கினார். இன்னும் கத்தியது. காலடியிலிருந்து ஒரு புகை எழுந்தது பாருங்கள், சீ! கருகிய துணியும் காய்ந்த விளக்கெண்ணெயும் சேர்ந்த நாற்றம். இறங்கி வேலிப்பக்கம் போய் ஓங்கரித்துவிட்டு வந்தேன்.

அவர் வைத்தியத்தை ஆரம்பித்தார். கிளச் கம்பி இறுகிவிட்டது என்று அதைத் தளர்த்தினார். ஏறிப் பார்த்தார், நகரவில்லை. சங்கிலி தொய்ந்திருக்கிறது என்று அதை இறுக்கினார். அப்போதும் இல்லை. வெற்றிலைச் சாற்றை என் செருப்புக்குப் பக்கத்தில் துப்பிவிட்டு யோசித்தார். வழியே போன கட்டைவண்டிக்காரர் நிறுத்தி, "ஏனுங்க டாக்டரே, ஒரு மாட்டைப் பூட்டி இழுக்கலாமுங்களா?" என்றார். கேலியா கரிசனமா தெரியவில்லை. எனக்கு மானம் போயிற்று.

பின்னாலேயே சேலம் பஸ் வந்து நின்றது. "ஏறிக்கறீங்களா அம்மிணி?" என்று கண்டக்டர் கேட்டார். நான் பையை எடுப்பதற்குள் இவர் கையை வீசி, "நீங்க போங்க, நாங்க முன்னாடி போயிருவோம்" என்று அனுப்பிவிட்டார். பஸ் புகையைக் கக்கிக்கொண்டு ஏற்றத்தில் ஏறி மறைந்தது. என் வேலையும் அதோடு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மனுஷனை அந்த நிமிஷம் அடியோடு வெறுத்தேன்.

"மூடியைக் கழற்றுங்க" என்றேன்.

"உனக்கென்ன தெரியும்?"

"எண்ணெய் தேச்ச கையில செம்பு நிக்குமாங்க? வழுக்குது. அவ்வளவுதான். கழற்றுங்க."

என் முகத்தைப் பார்த்துக் கழற்றினார். உள்ளே வட்டத் தட்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தன. ஒன்றையொன்று இறுகப் பிடித்தால்தான் என்ஜினின் ஓட்டம் சக்கரத்துக்குப் போகும். இங்கே எது எதைப் பிடிப்பது? எல்லாம் மஞ்சளும் கருப்புமாகக் கொழகொழத்து, ஜுரக்காரன் சளிபோல நூல் விட்டு ஒழுகின. பெட்ரோல் ஊற்றிக் கழுவலாம் என்றேன். "டாங்கில இருக்கறது போய்ட்டு வரத்தான் காணும், ஒரு சொட்டுத் தர மாட்டேன்" என்றார். கடங்காரனிடம் பேசுவதுபோல் பேசினார்.

என் பையில், எண்ணெய்த் தலைக்குத் தேய்க்கும் அரப்புத் தூள் ஒரு பொட்டலம் இருந்தது. அக்காள் சூரமங்கலத்தில் ரயில்வே வீட்டில் குடியிருந்தாள். அங்கே நல்ல அரப்பு கிடைப்பதில்லை என்று அவளுக்காக இடித்துச் சலித்துக் கொண்டுபோனேன். எண்ணெய்க் குளியல்தானே நடந்திருக்கிறது, இன்னும் தலையை அலசவில்லை, அவ்வளவுதான் என்று பொட்டலத்தைப் பிரித்தேன்.

ரோட்டோரத்தில் குந்தி, தட்டுத் தட்டாக அரப்பைத் தூவித் தேய்த்தேன். எண்ணெயைக் குடித்துப் பச்சைக் களியாகத் திரண்டது. வழித்து எறிந்துவிட்டு மறுபடி தூவினேன். நகக்கண்ணெல்லாம் ஏறிற்று. ஈ மொய்த்தது. அவர் கையைத் துடைக்க என் முந்தானையை இழுத்தார். நான் பார்த்த பார்வையில் விட்டுவிட்டார். கடைசியில் தட்டுகள் சொரசொரத்தன. மாட்டி, உதைத்து, கிளச்சை விட்டார். வண்டி வெடுக்கென்று பாய்ந்தது. ஏற்றத்தில் ஏறியது. "நாஞ் சொன்னனல்ல!" என்று கத்தினார். என்ன சொன்னார்? ஒன்றும் சொல்லவில்லை.

பதினொரு மணி அடிக்கும்போது உள்ளே நுழைந்தேன். தலைமையாசிரியை அம்மா மூக்கைச் சுருக்கினார். பிறகு என் கைகளைப் பார்த்தார். நான் கையை மறைக்கவில்லை. "வழியில் கிளச்சைக் கழற்ற வேண்டியதாகிவிட்டது" என்றேன். என்னைப் பாடம் நடத்தச் சொல்லிக் கேட்டார். சர்டிபிகேட்டுகளைப் பார்த்தார். எல்லாம் முடிந்ததும், "தினமும் அந்த வண்டியிலா வருவீர்கள்?" என்று கேட்டார்.

"இல்லைங்க. பஸ்ஸில்."

"அப்படியானால் திங்கட்கிழமை வந்துவிடுங்கள்" என்றார்.

சந்தோஷத்தில் கால் தரையில் பாவாமல் வெளியே ஓடிவந்தேன். மரத்தடியில் என் வீட்டுக்காரர் கடையில் வாங்கிய விளக்கெண்ணெய்ச் சீசாவோடு வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். சீசா காலி. "பாவம், உள்ளே எல்லாம் காஞ்சு கெடந்துது அம்மிணி. இத்தனை தூரம் இழுத்துட்டு வந்துதல்ல" என்றார்.

வேலை கிடைத்ததா என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. "நான் பஸ்ஸில் வாரேன்" என்று நடந்தேன்.

"நாந்தான் முன்னாடி போவேன், பாரு" என்று பின்னாலிருந்து கத்தினார்.

போனார்தான். மல்லூர் தாண்டியதும் அவரைப் பார்த்தேன். வெயிலில், புகை நடுவே, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். காலையில் வந்த அதே கண்டக்டர்தான். குனிந்து பார்த்துவிட்டு, "உங்க ஊட்டுக்காரர் மாதிரி இருக்குதுங்களே, நிறுத்தட்டுங்களா?" என்றார்.

"வேண்டாமுங்க. அவரு முன்னாடி போயிருவாரு" என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமை முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டேன்.